படம் திருத்தப் பழகும் தங்கைமாருக்கு

(நூற்றாண்டு விழாவை ஒட்டி, பாடசாலை ஊடகக் கழக மாணவிகளுக்குப் பழைய மாணவிகள் சங்க மலர்க்குழுவினர் ஆற்றிய உரை)



நூலகத்தில் பழைய படங்களைக் காட்சிக்கு வைத்திருந்த அன்று உங்களில் ஏழெட்டுப் பேர் எங்களைச் சூழ்ந்துகொண்டு ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். "இதையெல்லாம் எந்த சொஃப்ட்வெயார்ல செஞ்சீங்க? நாங்க இப்பத்தான் படம் எடுக்கப் பழகுறோம். எதைப் படிச்சா நல்லது?" விருந்தினர் வந்துகொண்டிருந்தார்கள், தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. பிறகு சொல்கிறோம் என்று தப்பித்துக்கொண்டோம். அதிபர் விடவில்லை. "பிறகு என்றால் எப்போது?" என்று திகதி கேட்டு எழுதிக்கொண்டார். அதனால் இன்று வந்து நிற்கிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மலரின் படங்களைப் பார்த்துக்கொண்ட நாங்கள் நால்வரும் புகைப்படக்காரர்கள் அல்லர். ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஒருவர் கண்டியில் வங்கியில் வேலை செய்கிறார். ஒருவர் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தைப் பார்க்கிறார். ஒருவர் வீட்டோடு இருக்கிறார். கணினியைத் திறந்து மூடத் தெரியும், அவ்வளவுதான். உங்களைவிட ஒரு வருடம் முந்திய தொடக்கக்காரர்கள் என்று எங்களை வைத்துக்கொள்ளுங்கள். இன்று சொல்லப்போவதில் பெரும்பங்கு பட்டுத் தெரிந்துகொண்டது.

பட்டது என்ன என்பதிலிருந்தே தொடங்குகிறோம்.

மலருக்கு வந்த படங்களில் எழுபதுகளில் எடுத்த வகுப்புப் படம் ஒன்று இருந்தது. எட்டரை அங்குலத்துக்கு ஆறரை அங்குலம், அட்டையில் ஒட்டியது, நாலு வரிசைப் பிள்ளைகள். அந்த வரிசைகளில் நிற்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் இன்று இந்த நாட்டில் இல்லை. 1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று எழுதியது. 1974இல் இன்னும் 75,000 பேரைச் சேர்த்தார்கள். பாடப்புத்தகத்தில் அது ஒரு வரி. எங்கள் வகுப்புகளில் அது இடாப்பில் சிவப்பு மையால் ஒவ்வொன்றாக வெட்டப்பட்ட பெயர்கள். தலைமன்னார் வரை ரயில், பிறகு கப்பல். அதற்குமேல் பலரைப் பற்றி எதுவும் தெரியாது.

படத்தைக் கொண்டுவந்தவர் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் ஓர் அம்மா. இரண்டாம் வரிசையில் நிற்பது அவருடைய அக்கா. படம் எடுத்துச் சில வருடங்களில் அக்காவுக்குக் கலியாணம் முடிந்து, மாப்பிள்ளை வீட்டாரோடு இந்தியாவுக்குப் போய்விட்டார். கோத்தகிரிப் பக்கமிருந்து இரண்டு மூன்று கடிதம் வந்ததாம். பிறகு இல்லை. அக்காவுக்கு வேறு படம் கிடையாது. லயத்துக் காம்பராவில் அடுப்புப் புகையும் மழைக்கால ஈரமும் ஒரு படத்தை என்ன செய்யும் என்பது உங்களுக்குத் தெரியும். பூஞ்சணம் பிடித்து, அந்த அக்காவின் நெற்றி ஓரத்திலிருந்து ஒரு கன்னம் முழுவதும் அழிந்துவிட்டது.

எங்களுக்கு ஆசை. பழைய படத்தைப் புதுப்பித்துத் தரும் செயலி ஒன்றைக் கைத்தொலைபேசியில் இறக்கினோம். பெயர் வேண்டாம், அந்த மாதிரி இருபது இருக்கின்றன. படத்தைக் கொடுத்தோம், அரை நிமிடத்தில் திரும்பி வந்தது. கண்ணைப் பறிக்கிற முகம்! கன்னம் வந்துவிட்டது, கண் பளபளத்தது, தோல் பட்டுப் போல இருந்தது. நால்வரும் கைதட்டாத குறை. பெரிதாக அச்சடித்து அந்த அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் வெளிச்சத்துக்கு வந்து, தூரப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"இது யாரு?" என்றார்.

"உங்க அக்காதான்மா."

"இல்ல பிள்ள. எங்க அக்காவுக்கு இந்தப் புருவத்துக்கு மேல தழும்பு இருக்கும். விறகு பொறுக்கப் போய் விழுந்தது. இது யாரோ சினிமாக்காரி."

தழும்பு இருந்த பக்கம் பூஞ்சணம் தொடாத பக்கம். பழைய படத்தில் அது தெளிவாக இருந்தது. செயலி அதைக் கீறல் என்று நினைத்து அழித்துவிட்டது. மறுபக்கத்துக் கன்னமோ அந்த அக்காவின் கன்னமே இல்லை. இந்த வகைச் செயலிகள் தொலைந்ததைத் தேடி எடுப்பதில்லை. பார்த்துப் பழகிய ஆயிரமாயிரம் வேறு முகங்களிலிருந்து இருக்கக்கூடிய ஒரு முகத்தைக் கட்டி அந்த இடத்தில் வைக்கின்றன. பின்னர் கணக்குப் போட்டுப் பார்த்தோம். அந்தப் படத்தில் ஒரு முகம் கால் அங்குலம் அகலம். அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தாலும் ஒரு முகத்துக்குக் கிடைப்பது 150 புள்ளி. அதில் பாதி அழிந்துபோனால் மீதிப் பாதியை எந்த மென்பொருளாலும் அறிய முடியாது, ஊகிக்கத்தான் முடியும்.

இதைவிட வெட்கமான பகுதி இனித்தான். ஸ்கேன் செய்த கோப்பின் மேலேயே நாங்கள் மாற்றங்களைச் சேமித்திருந்தோம். மூலம் போய்விட்டது. படத்தையும் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தாயிற்று. மறுபடி பஸ் ஏறி, மறுபடி மலையேறி, அந்த அம்மாவிடம் படத்தை இன்னொரு தடவை கேட்க வேண்டியிருந்தது. அவர் உடனே கொடுக்கவில்லை. இரண்டாவது தடவை தேத்தண்ணி ஊற்றிய பிறகுதான் பெட்டியைத் திறந்தார்.

ஆகவே, எந்த மென்பொருள் நல்லது என்று கேட்கிற தங்கைமாரே, அதைப் பற்றி நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, அது மூலப்படத்தை என்ன செய்கிறது என்பதைத்தான். சில மென்பொருள்கள் மூலத்தைத் தொடுவதே இல்லை. வெளிச்சத்தை இவ்வளவு கூட்டு, ஓரத்தை இவ்வளவு வெட்டு என்று உங்கள் கட்டளைகளை மட்டும் தனியாக ஒரு சிறு கோப்பில் எழுதி வைக்கின்றன. கொப்பியில் எழுதியதை அழிக்காமல் ஓரத்தில் பென்சிலால் திருத்தம் குறிப்பது போல. டார்க்டேபிள், ரோதெரபி, லைட்ரூம் மூன்றும் இந்த முறையில் வேலை செய்பவை. கைத்தொலைபேசியில் உள்ள ஸ்நாப்சீடும் நீங்கள் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் படிப்படியாக வைத்திருக்கும். பின்னால் போய் நடுவில் உள்ள ஒரு படியை மட்டும் மாற்றலாம். கிம்ப் பழைய வழக்கப்படி நேரே படத்தின் மேல் வேலை செய்வது. 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில்தான் வடிகட்டிகளைப் பிறகும் மாற்றக்கூடிய வசதி சேர்ந்தது. கிம்ப் பாவிப்பவர் மூலத்தின் மேல் ஒரு நகல் அடுக்கை வைத்து அதில்தான் கைவைக்க வேண்டும்.

ஜேபெக் கோப்பைத் திரும்பத் திரும்பத் திறந்து சேமிக்காதீர்கள் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். இடத்தை மிச்சம் பிடிக்க அது ஒவ்வொரு சேமிப்பிலும் நுணுக்கத்தைக் கொஞ்சம் கழித்துவிடும். ஸ்கேன் செய்வதை டிஃப் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். இடம் அதிகம் பிடிக்கும், பிடிக்கட்டும். லயனல் வென்ட் என்ற பெயரைச் சித்திர பாடம் செய்கிறவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். இருட்டறையில் படத்தோடு விளையாடிய நம் நாட்டுப் பெரிய கலைஞர். 1944இல் அவர் இறந்த பிறகு அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டுவிட்டன. அச்சான படங்கள் மட்டுமே மிஞ்சின. உங்கள் மூலக் கோப்புத்தான் உங்கள் நெகட்டிவ்.

அடுத்தது பணம். தோமஸ் நோல் என்ற மாணவர் 1987இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது எழுதத் தொடங்கி, தம்பி ஜோனோடு சேர்ந்து வளர்த்ததுதான் ஃபோட்டோஷொப். 1990இல் வெளிவந்தது. நல்ல கருவி, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் 2013 முதல் அதன் புதிய பதிப்புகளுக்குச் சந்தா கட்டத்தான் வேண்டும், ஒரே தடவையாக வாங்கிவிட முடியாது. மாதம் பத்து டொலர் என்று குறைத்தே வைத்து, ஒரு டொலரை 300 ரூபா என்று போட்டால் வருடத்துக்கு 36,000 ரூபா. 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபா என்று தீர்மானித்தார்கள். அந்தச் சம்பளத்தில் அம்மா ஏறக்குறைய இருபத்தேழு முழுப்பேர் போட்டிருந்தால்தான் அந்தச் சந்தா. கட்டாமல் விட்டால் அடுத்த மாதம் மென்பொருள் பூட்டிக்கொள்ளும். படம் எடுத்துச் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு அந்தக் கணக்கைப் பாருங்கள், இப்போது வேண்டாம்.

"அக்கா, கடையில சும்மா போட்டுத் தருவாங்களே" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. தருவார்கள். வைரஸையும் சேர்த்துத்தான் தருவார்கள். இலவசமாகவும் நேர்மையாகவும் கிடைப்பவை இருக்கும்போது அது எதற்கு? கலிபோர்னியாவின் பேர்க்லியில் இரண்டு மாணவர்கள் 1995இல் தொடங்கியதுதான் கிம்ப். இன்றுவரை யார் வேண்டுமானாலும் இறக்கிப் பாவிக்கலாம். டார்க்டேபிளும் ரோதெரபியும் அப்படித்தான்.

இனி நம் ஊர்ப் பிரச்சினை ஒன்று. வெள்ளைச் சீருடை! எந்த வெளிநாட்டுப் பாடக் காணொளியிலும் இதற்கு விடை கிடையாது. முப்பது பிள்ளைகள் வெள்ளை உடுத்தி வெயிலில் நின்றால், கமரா அந்த வெள்ளையைப் பார்த்து "வெளிச்சம் கூடிப்போச்சு" என்று முழுப் படத்தையும் மங்கலாக்கும். நம்முடைய கறுத்த முகங்கள் எல்லாம் இருண்டுபோகும். புதிதாகப் பழகுகிறவர் உடனே வெளிச்சத்தைக் கூட்டுவார். முகம் தெரியும், ஆனால் சட்டையின் மடிப்பும் கழுத்துப்பட்டியின் ஓரமும் வெளுத்துக் காணாமல் போகும். அதனால், தேர்ந்தெடுக்கும் மென்பொருளில் இருண்ட பகுதியைத் தனியாகத் தூக்கவும் வெளிச்சப் பகுதியைத் தனியாக அடக்கவும் வழி இருக்கிறதா, 'கர்வ்ஸ்' என்ற வளைகோடு இருக்கிறதா என்று பாருங்கள். அழகு வடிகட்டிகள் நூறு இருந்து அந்த வளைகோடு இல்லாவிட்டால் நமக்கு உதவாது.

கமராவிலேயே 'ரோ' கோப்பாக எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். 14 பிட் ரோ கோப்பில் 16,384. இருட்டிலிருந்து முகத்தைத் தூக்கி எடுக்கும்போது அந்த வித்தியாசம் தெரியும்.

பச்சை படிவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேயிலை மலைக்கு நடுவில் நின்று எடுத்தால் முகத்தில் ஒரு பச்சைச் சாயல் விழும். மென்பொருளில் வெள்ளையைத் தொட்டுக் காட்டினால் நிறத்தைச் சரிசெய்யும் கருவி ஒன்று உண்டு. நாங்கள் சீருடையைத் தொட்டோம். எல்லா முகமும் மஞ்சள் காமாலை வந்தது போல ஆகிவிட்டது. காரணம் பிடிபட இரண்டு நாள் ஆனது. நம் அம்மாமார் சீருடையை நீலம் போட்டல்லவா அலசுகிறார்கள்! நீலம் கலந்த வெள்ளையை உண்மை வெள்ளை என்று மென்பொருள் நம்பி, அந்த நீலத்தைக் கழித்திருக்கிறது. ஒரு சாம்பல் நிற அட்டையை யாராவது பிடித்துக்கொள்ள ஒரு படம் எடுத்து வையுங்கள், போதும்.

முகத்தைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போன காலத்தில், எங்கள் நால்வரையுமே ஒரு ஸ்டூடியோவில் வெள்ளையாக்கித் தந்தார்கள். கேட்காமலே தந்தார்கள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எங்களுக்கும்தான், பொய் சொல்வானேன். இன்று அந்த வேலையைச் செயலி செய்கிறது. இது புதிய பழக்கமும் அல்ல. கொடக் கம்பனி கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிறம் சரிபார்க்க ஸ்டூடியோக்களுக்கு ஒரு பெண்ணின் படத்தை அனுப்பியது. ஷேர்லி அட்டை என்று பெயர். அந்தப் பெண் வெள்ளைக்காரி. அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கணக்கு. கறுத்த தோல் சரியாக வரவில்லை என்ற குறை நெடுங்காலம் எடுபடவில்லை. சொக்லட் செய்பவர்களும் மரத் தளபாடம் செய்பவர்களும் எங்கள் பண்டத்தின் பழுப்பு சரியாக விழவில்லை என்று சொன்ன பிறகுதான் ஃபிலிமைத் திருத்துவதில் அக்கறை வந்தது என்று அதை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். செயலியைத் திறந்ததும் தானாகவே முகத்தை வெளுக்கிற வசதி ஓடுகிறதா என்று அமைப்புகளில் தேடிப் பாருங்கள். ஓடினால் நிறுத்துங்கள். நிறுத்த முடியாவிட்டால் அந்தச் செயலியையே தூக்கிவிடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை, இது அக்காமாராகச் சொல்வது. முகத்தை அழகாக்கித் தருகிறேன் என்கிற பல செயலிகள் படத்தைத் தங்கள் சேவர்களுக்கு அனுப்பித்தான் வேலை செய்கின்றன. அங்கே போன பிறகு உங்கள் படம் உங்கள் கையில் இல்லை. தோழியின் படத்தை அவளைக் கேட்காமல் அப்படி அனுப்புவது சரியல்ல. ஃபோட்டோபீ என்று ஒன்று, இணைய உலாவியில் ஓடுவது. அது உங்கள் கணினிக்குள்ளேயே வேலையை முடிக்கும், படத்தை வெளியே அனுப்பாது. விளம்பரம் காட்டும், பொறுத்துக்கொள்ளலாம்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? எங்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். வங்கி அக்கா லைட்ரூம் பக்கம். நூற்றுக்கணக்கான படங்களைத் தேதிவாரியாக அடுக்கித் தேட அதுபோல வராது என்பார். இலவசமான டிஜிகாம் அந்த வேலையைச் செய்யும் என்பது மற்ற மூவரின் கட்சி. ஆனால் ஒரு விடயத்தில் நால்வரும் ஒன்று. கையில் கைத்தொலைபேசி மட்டும் இருந்தால் ஸ்நாப்சீடோடு தொடங்குங்கள். 2011இல் வந்து, மறுவருடம் கூகிள் வாங்கியது. பணமும் இல்லை, விளம்பரமும் இல்லை. நாம் சொன்ன வளைகோடும் அதில் உண்டு. மூன்று மாதம் அதை மட்டும் பாவியுங்கள். பாடசாலைக் கணினி அறையில் கிம்ப் பழகுங்கள், பழைய இயந்திரத்திலும் ஓடும். ரோ எடுக்கிற கமரா கைக்கு வந்தால் ரோதெரபி அல்லது டார்க்டேபிள். டார்க்டேபிளுக்குக் கொஞ்சம் வலுவான கணினி வேண்டும், பொறுமையும் வேண்டும். அச்சகத்தில் வேலைக்குப் போகிற எண்ணம் இருந்தால் ஒருநாள் ஃபோட்டோஷொப் படிக்கத்தான் வேண்டியிருக்கும். அச்சுக்குரிய நான்கு மை முறையில் கிம்ப் இன்னும் முழுமையாக வேலை செய்யாது. மலரின் அட்டைப் படத்தில் அது எங்களைப் படுத்திய பாடு அச்சகத்து அண்ணனுக்குத் தெரியும்.

அந்த வகுப்புப் படத்துக்குத் திரும்புவோம். இரண்டாம் தடவை ஸ்கேன் செய்து, மூலத்தை மூன்று இடத்தில் சேமித்து, கிம்பில் நகல் அடுக்கு வைத்து வேலை செய்தோம். இம்முறை அந்த அம்மாவையும் அழைத்து வந்து பக்கத்தில் கதிரை போட்டு உட்காரவைத்தோம். "அது கறை, எடுங்க. அது பின்னல், விடுங்க. அது தழும்பு, தொடாதீங்க." அவர் சொல்லச் சொல்ல நாங்கள் செய்தோம். சீருடையில் இருந்த கறைகளை எடுத்தோம், பின்னால் இருந்த சுவரின் கீறல்களை எடுத்தோம். முகத்தில் மங்கலை மட்டும் கொஞ்சம் தெளியவைத்தோம். அழிந்த கன்னத்தை என்ன செய்வது என்று அவரிடமே கேட்டோம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படியே இருக்கட்டும். பாதி இருந்தாலும் அவதான்" என்றார். மலரில் அந்தப் படம் அப்படியே வருகிறது.

இந்த வேலைக்கு இடையில்தான் ஜூலியா மார்கரெட் கமரன் என்ற அம்மையாரைப் பற்றிப் படித்தோம். கல்கத்தாவில் பிறந்தவர், 48 வயதில் முதன்முதலாகக் கமராவைத் தொட்டவர். 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் மலைநாட்டில் இறந்து, பொகவந்தலாவையில் அடக்கமானவர். தட்டில் விழுந்த புள்ளியையும் விரல் அடையாளத்தையும் அழிக்காமல் விட்டுவிடுகிறார் என்று அக்காலத்து விமர்சகர்கள் அவரைக் கேலி செய்தார்கள். இங்கே தோட்டத்துத் தமிழரையும் அவர் படம் எடுத்தார். மிஞ்சியவை மிகச் சில. முகங்கள் இருக்கின்றன, பெரும்பாலும் பெயர் இல்லை. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் லூல்கந்துர. 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லரின் முகம் நம் எல்லோருக்கும் தெரியும். அந்த மலையை வெட்டித் திருத்தியவர்களில் ஒருவரின் முகத்தையாவது பெயரோடு பார்த்திருக்கிறோமா?

வகுப்புப் படத்துக்குக் கீழே போட இதுவரை இருபத்தாறு பெயர் கிடைத்திருக்கிறது. பன்னிரண்டு பேர் யாரென்று தெரியவில்லை. பெரிய அச்சு ஒன்றை வாசலில் வைத்திருக்கிறோம். போகும்போது உங்கள் பாட்டிமாரைக் கூட்டிவந்து காட்ட முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். வரும் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஸ்கேனரை நூலகத்தில் வைக்கிறோம். வீட்டில் உள்ள பழைய படங்களைக் கொண்டு வாருங்கள். கண்ணாடியில் ஒட்டிப்போயிருந்தால் பிய்க்க வேண்டாம், சட்டத்தோடு கொண்டு வாருங்கள். ஈரத்துணியால் துடைக்கவும் வேண்டாம். படத்தில் யார் யார் என்று வீட்டில் கேட்டு, தனித் தாளில் பென்சிலால் எழுதிக்கொண்டு வாருங்கள். படம் அன்றே திருப்பித் தரப்படும்.